ஆஸ்திரேலிய நொறுக்குத் தீனி: புதிதாக வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் வாரத்தில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் பிஸ்கட்டுக்கு ஒரு வரிசை, சிப்ஸுக்கு ஒரு வரிசை, சாக்லேட்டுக்கு இன்னொன்று என்று நீண்டுகொண்டே போகும். எதை எடுப்பது என்று தெரியாமல், ஊரில் பழகிய பிராண்டையே தேடி எடுப்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் யாரோ சொன்னார்களே என்று, ரொட்டியில் தடவும் கறுப்பு நிற வெஜிமைட் ஒரு பாட்டில் வாங்கி, ஸ்பூனால் எடுத்து வாயில் போட்டு, முகம் சுளித்து, இந்த ஊர்த் தீனியே நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்.

இங்குள்ள தீனிகள் பெரும்பாலானவற்றுக்கு ஓர் இடமும் ஒரு முறையும் உண்டு. மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பை (pie) என்றால் சுடச்சுட, பேக்கரி வாசலில் நின்றபடி. சாஸேஜ் என்றால் வார இறுதியில் பன்னிங்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடையின் வாசலில். வெஜிமைட் என்றால் வெண்ணெய் உருகிய டோஸ்ட்டின் மேல், பட்டும் படாமலும். அந்த இடத்தில், அந்த முறையில் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லலாம். கீழே உள்ள வரிசையில் போனால் பழகுவது சுலபம் என்பது என் அனுபவம். இனிப்பில் தொடங்கி, உப்புக்குப் போய், அங்கிருந்து கடைவீதிக்குப் போகிறோம்.

முதலில் பாக்கெட்டின் பின்பக்கம்

இந்தியாவில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அப்படி ஒரு கட்டாய அடையாளம் ஆஸ்திரேலியாவில் கிடையாது. சில நிறுவனங்கள் தாங்களாகவே ‘வீகன்’, ‘வெஜிடேரியன்’ என்று போடுகின்றன. போடவில்லை என்பதால் அதில் இறைச்சி இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. ஆகவே பின்பக்கம் உள்ள பொருள்பட்டியலைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் முக்கியமாகத் தேட வேண்டிய சொல் ஜெலட்டின். மெல்லும் மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் இது சாதாரணமாக இருக்கும். மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். சேர்மானப் பொருட்களை இங்கே எண்களாகவும் அச்சிடுவார்கள். 120 என்று இருந்தால் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 904 அரக்கு, இதுவும் பூச்சி தருவதுதான். 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எதிலிருந்து என்று பாக்கெட்டில் பெரும்பாலும் இருக்காது, நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். ஹலால் பார்ப்பவர்கள் முத்திரை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் எழுதியிருக்கும் சுவையின் பெயரை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். ‘சிக்கன்’ என்று பெரிதாகப் போட்ட சிப்ஸில் கோழியே இல்லாமல் இருக்கும். வெறும் ரோஸ் நிற இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை போன்று ஒவ்வாமை தரக்கூடியவை பட்டியலில் தடித்த எழுத்தில் இருக்கும் என்பதால் அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

சில பாக்கெட்டுகளில் அரை முதல் 5 வரை ஆரோக்கிய நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அது ஒரே வகைப் பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவுவது. சிப்ஸையும் சிப்ஸையும் ஒப்பிடலாம், சிப்ஸையும் தயிரையும் ஒப்பிடக் கூடாது.

விலை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மாதம் கணிசமாக மிச்சமாகும். உல்வொர்த்ஸ், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளிலும் வாராந்தரத் தள்ளுபடி புதன்கிழமை மாறும். பிஸ்கட்டும் சிப்ஸும் சாக்லேட்டும் அடிக்கடி பாதி விலைக்கு வரும். டிம் டாம் முழு விலையில் இருந்தால் அடுத்த புதன் வரை பொறுத்துப் பாருங்கள். இந்தக் கடையில் இல்லாவிட்டால் அந்தக் கடையில் வந்திருக்கும்.

பிஸ்கட்டில் தொடங்குங்கள்

ஆஸ்திரேலிய பிஸ்கட் என்றால் ஆர்னட்ஸ். 1865-இல் வில்லியம் ஆர்னட் என்பவர் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலில் தொடங்கிய பேக்கரி அது. பாக்கெட்டில் பிஸ்கட் கொறிக்கும் கிளி இருக்கும், அதுதான் அடையாளம்.

டிம் டாம் 1964-இல் கடைக்கு வந்தது. இரண்டு சாக்லேட் பிஸ்கட், நடுவில் கிரீம், மேலே முழுக்க சாக்லேட் பூச்சு. ஆர்னட் குடும்பத்தைச் சேர்ந்த ராஸ் ஆர்னட் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பிக்குப் போயிருந்தபோது, 1958-இல் வென்ற குதிரையின் பெயர் டிம் டாம். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துப்போய் பிஸ்கட்டுக்கு வைத்துவிட்டார். கேரமல், வெள்ளை சாக்லேட், டார்க், இரட்டைப் பூச்சு என்று எத்தனையோ வகை வந்துவிட்டன. நான் சொல்வது: முதலில் ஒரிஜினலையே வாங்குங்கள். 200 கிராம் பாக்கெட், 11 பிஸ்கட். மற்ற வகைகளில் பெரும்பாலும் எண்ணிக்கை குறைவு, தித்திப்பு அதிகம்.

டிம் டாமைச் சும்மா கடித்துச் சாப்பிடலாம். ஆனால் ‘டிம் டாம் ஸ்லாம்’ செய்து பார்க்காமல் விடாதீர்கள். டம்ளரில் சூடான டீயோ காப்பியோ மைலோவோ (சாக்லேட் மால்ட் பானம்) வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், குடிக்கிற சூடு போதும். பிஸ்கட்டின் ஒரு மூலையில் சிறிதாகக் கடியுங்கள், பிறகு அதற்குக் குறுக்கே எதிர்மூலையிலும் அதேபோல் கடியுங்கள். ஒரு மூலையை டீக்குள் விட்டு, மறு மூலையை உதட்டில் வைத்து உறிஞ்சுங்கள். முதலில் ஒன்றும் வராது. இரண்டாவது இழுப்பில் பிஸ்கட்டுக்குள் டீ ஏறுவது விரலுக்கே தெரியும், பிடித்திருக்கும் இடம் லேசாக இளகும். நாக்கில் சூடு பட்ட அந்தக் கணமே முழு பிஸ்கட்டையும் வாயில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் பாதி டம்ளருக்குள் விழுந்துவிடும். உள்ளே பிஸ்கட் பாகு மாதிரி கரைந்திருக்கும், வெளிப் பூச்சு மட்டும் கொஞ்சம் நிற்கும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பாக்கெட் அன்றைக்கே தீரும்.

பலவகை கிரீம் பிஸ்கட் ஒரே பாக்கெட்டில் வருவதையும் ஒன்று வாங்குங்கள். அலுவலகத் தேநீர் நேரத்தில் அதைத் திறந்து வைத்தால் எது முதலில் காலியாகிறது என்று பார்க்கலாம். ராஸ்பெரி ஜாமும் கிரீமும் வைத்த மாண்டி கார்லோ, தேங்காய் மணக்கும் கிங்ஸ்டன் இரண்டுக்கும்தான் போட்டி இருக்கும். என் ஓட்டு கிங்ஸ்டனுக்கு. தேங்காயும் சாக்லேட்டும் அளவாகச் சேர்ந்த பிஸ்கட் அது. ஐஸ்டு வோவோ என்று ரோஸ் நிறத்தில், நடுவில் ஜாம் கோடும் மேலே தேங்காய்த் தூளும் போட்ட பழைய பிஸ்கட் ஒன்றும் உண்டு. 2007 தேர்தலில் வென்ற இரவு, பிரதமராகவிருந்த கெவின் ரட் தன் பேச்சிலேயே தேநீரோடு ஐஸ்டு வோவோ சாப்பிடலாம் என்று சொன்னார். அவ்வளவு தூரம் வீட்டுப் பிஸ்கட் அது. சைவர்கள் அதை வாங்கும் முன் பட்டியலைப் படிக்க வேண்டும்.

அன்சாக் பிஸ்கட்: வீட்டிலேயே செய்யுங்கள்

ஏப்ரல் 25 அன்சாக் நாள். முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலியில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை நினைவுகூரும் நாள். அந்த நினைவோடு சேர்ந்த பிஸ்கட் இது. ‘அன்சாக்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மரபான செய்முறையிலிருந்து பெரிதாக விலகினால் அந்தப் பெயரில் விற்க முடியாது. ‘குக்கீ’ என்று அழைத்து விற்கவும் கூடாது. இந்த விஷயத்தில் இங்குள்ளவர்கள் உணர்வுபூர்வமாக இருப்பார்கள், நாமும் மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும்.

இதில் முட்டை கிடையாது. முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு இதைவிட நல்ல ஆஸ்திரேலிய பலகாரம் எனக்குத் தெரியவில்லை. தேங்காய்த் துருவல், ஓட்ஸ், வெண்ணெய், கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகு எல்லாம் சேர்ந்து அடுப்பிலிருந்து வரும் வாசனை வீடு முழுக்க நிற்கும்.

ஒரு கப் ரோல்டு ஓட்ஸ், ஒரு கப் மைதா, முக்கால் கப் பழுப்புச் சர்க்கரை, முக்கால் கப் உலர் தேங்காய்த் துருவல் நான்கையும் ஒரு பாத்திரத்தில் கலந்து வையுங்கள். 125 கிராம் வெண்ணெயும் 2 மேசைக்கரண்டி கோல்டன் சிரப்பும் சின்ன வாணலியில் மிதமான சூட்டில் உருகட்டும். அரை தேக்கரண்டி சமையல் சோடாவை 2 மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்து அந்தக் கலவையில் ஊற்றுங்கள். உடனே வெளுத்து நுரைத்துப் பொங்கும். அதனால் வாணலி கொஞ்சம் ஆழமாக இருப்பது நல்லது. நுரை அடங்கும் முன் மாவில் கொட்டிக் கிளறுங்கள். நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, தட்டில் தள்ளித் தள்ளி வைத்து லேசாக அழுத்தி, 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று தோன்றும். மறுபடி உள்ளே வைக்காதீர்கள். ஆறினால் இறுகிவிடும்.

ஒரு சின்னக் குறிப்பு. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15 மில்லிதான். இங்குள்ள சமையல் குறிப்புகளைப் பின்பற்றும்போது இங்கே வாங்கிய அளவுக்கரண்டியையே பயன்படுத்துங்கள்.

மெத்தென்று இருப்பது நல்லதா, கடித்தால் உடைய வேண்டுமா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. எனக்கு ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெல்லும்படியும் இருக்க வேண்டும்.

உப்பும் காரமும்

சிப்ஸ் வரிசையில் உருளைக்கிழங்கு சிப்ஸை விட்டுவிடுங்கள். அது எங்கும் கிடைக்கும். இந்த ஊருக்கே உரிய சில பாக்கெட்டுகள் உண்டு.

ட்விஸ்டீஸ் 1950 முதல் இருக்கிறது. சோளமும் அரிசியும் சேர்ந்த முறுக்கிய தீனி, கடித்தால் கடினமாக நறுக்கென்று உடையும். குர்குரே சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் காரம் இருக்காது. சீஸ், சிக்கன் என்று இரண்டு முக்கிய சுவை. ஆஸ்திரேலியர்களிடம் இதில் எது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்.

சீசல்ஸ் வளையம் வளையமாக இருக்கும். பத்து விரலிலும் மோதிரம் மாதிரி மாட்டி ஒவ்வொன்றாகக் கடித்துச் சாப்பிடுவதுதான் குழந்தைகளின் முறை, பெரியவர்களும் அதையே செய்வார்கள். பர்கர் ரிங்ஸ் என்று இன்னொன்று. அதை ஒருமுறை சாப்பிட்டால் போதும் என்பது என் கருத்து.

ஷேப்ஸ் வேறு ரகம். அது சிப்ஸ் இல்லை, மசாலா தூவிச் சுட்ட பிஸ்கட். இதுவும் ஆர்னட்ஸ்தான். பார்பெக்யூ, பீட்ஸா, சிக்கன் கிரிம்பி, செடார் என்று பல வகை. பிஸ்கட்டின் ஒரு பக்கத்தில் மசாலா அப்பியிருக்கும், அந்தப் பக்கம் நாக்கில் படும்படி போட வேண்டும் என்பார்கள். 2016-இல் நிறுவனம் செய்முறையை மாற்றியபோது நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, பழைய செய்முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மாலையில் டீயோடு கொறிக்க பார்பெக்யூ ஷேப்ஸ் நன்றாக இருக்கும். நம் நாக்குக்குப் பக்கத்தில் வருவது பீட்ஸா. விருந்தாளி வரும்போது காராபூந்தியோடு ஒரு தட்டில் அதையும் வைத்துப் பாருங்கள்.

பருப்பு வகையில் மெக்கடாமியா மட்டும் சொல்கிறேன். தென்கிழக்கு குயின்ஸ்லாந்திலும் அதை ஒட்டிய நியூ சவுத் வேல்ஸ் காடுகளிலும் இயற்கையாக வளர்வது. பழங்குடி மக்கள் காலங்காலமாக உண்டு வந்தது. ஆனால் பெரிய அளவில் பயிரிட்டு விற்கத் தொடங்கியது ஹவாயில். உப்பில்லாமல் வறுத்ததை வாங்கினால்தான் அந்த வெண்ணெய்ச் சுவை முழுதாகத் தெரியும்.

வெஜிமைட்டை இப்படிச் சாப்பிடுங்கள்

1923-இல் மெல்பர்னில் சிரில் காலிஸ்டர் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு, உப்பு, காய்கறிச் சுவை. இறைச்சி எதுவும் இல்லை, பி வைட்டமின்கள் நிறைய உண்டு. முதலில் விற்பனை ஆகாமல் பெயரையே மாற்றிப் பார்த்தார்கள். அப்புறம் பழைய பெயருக்கே திரும்பி, மெல்ல மெல்ல ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இடம்பிடித்தது. நெடுங்காலம் வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்ததை 2017-இல் பேகா என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் வாங்கியபோது மக்கள் மகிழ்ந்தார்கள்.

இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு மார்மைட் பழக்கம் இருக்கும். அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, இதன் கசப்பும் உப்பும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மற்றவர்கள் இப்படிச் செய்யுங்கள்.

ரொட்டியை நன்றாக டோஸ்ட் செய்யுங்கள், ஓரம் பொன்னிறமாக வர வேண்டும். எடுத்த உடனே வெண்ணெய் தடவுங்கள், தாராளமாக. அது உருகி உள்ளே இறங்கும் வரை பொறுங்கள். அப்புறம் கத்தியின் நுனியில் பட்டாணி அளவு வெஜிமைட். அதை ரொட்டி முழுக்க இழுக்க வேண்டும். பழுப்புக் கோடுகளுக்கு நடுவே மஞ்சள் வெண்ணெய் தெரிந்தால் சரியான அளவு. ரொட்டி கறுப்பாகத் தெரிந்தால் அதிகம். ஊறுகாயைச் சோற்றில் தொட்டுக்கொள்கிற கணக்குதான், ஊறுகாயையே அள்ளிச் சாப்பிட யாராலும் முடியாது.

முதல் கடி உப்பாக இருக்கும். இரண்டாவது கடியில் வெண்ணெய் அதை ஏந்திக்கொள்ளும். பழகியபின் மேலே ஒரு சீஸ் துண்டு வைத்துச் சூடாக்குங்கள், அல்லது பேக்கரியில் கிடைக்கும் சீஸிமைட் ஸ்க்ரோல் வாங்குங்கள். சுருட்டிய ரொட்டிக்குள் சீஸும் வெஜிமைட்டும் வைத்துச் சுட்டது. வெஜிமைட் வேண்டவே வேண்டாம் என்பவர்கள்கூட இதைச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் இருந்தால் துளைகள் உள்ள வீட்டா-வீட் பிஸ்கட் இரண்டை எடுத்து நடுவில் வெண்ணெயும் வெஜிமைட்டும் தடவி அழுத்தச் சொல்லுங்கள். துளை வழியே புழு மாதிரி நெளிந்து நெளிந்து வரும். இங்குள்ள குழந்தைகள் எல்லாரும் விளையாடும் விளையாட்டு அது.

பேக்கரியும் சிப்ஸ் கடையும்

மீட் பை உள்ளங்கை அளவில் மாவுக்குள் கொத்திறைச்சியும் குழம்பும் அடைத்தது. வெறும் ‘மீட்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சாஸேஜ் ரோலும் மாட்டிறைச்சியோ பன்றியோ, இரண்டும் கலந்தோ இருக்கும். தவிர்ப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். ஊர் பேக்கரிகளில் சிக்கன் பை, கீரையும் சீஸும் வைத்த ரோல், காய்கறி பேஸ்டி எல்லாம் கிடைக்கும். வியட்நாமியக் குடும்பங்கள் நடத்தும் பேக்கரிகள் இங்கே நிறைய, பை அங்கே மிக நன்றாக இருக்கும்.

பையைத் தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டினால் பாதி ருசி போய்விடும். காகித உறையோடு ஒரு கையில் பிடித்து, மறு கையில் தக்காளி சாஸ். சாஸ் சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் வரும். கிழிக்க வேண்டாம், நடுவில் மடித்து அழுத்தினால் மடிப்பிலிருந்து நேராகப் பையின் மேல் பீச்சும். உள்ளே குழம்பு கடும் சூடாக இருக்கும் என்பதால் முதலில் ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை வெளியே விடுங்கள். முன்னால் குனிந்து சாப்பிட்டால் சட்டையில் வழியாது. ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனால் இடைவேளையில் ஒன்று வாங்குங்கள். மெல்பர்ன் குளிரில், அரங்கமே இரைந்துகொண்டிருக்கும்போது சாப்பிடும் பைக்கு ஈடு கிடையாது.

மீனும் சிப்ஸும் விற்கும் கடைக்குள் நுழைந்தால் சீக்கோ ரோல் என்று கனமான சுருள் இருக்கும். பெண்டிகோவைச் சேர்ந்த ஃபிராங்க் மெக்கென்க்ரோ சீன ஸ்பிரிங் ரோலைப் பார்த்து, கூட்டத்தில் நின்றபடி ஒரு கையில் பிடித்துச் சாப்பிடத் தோதாகத் தடித்த தோலோடு செய்தது. 1951-இல் வாகா வாகா கண்காட்சியில் அறிமுகமானது. முட்டைகோஸ், பார்லி, கேரட் எல்லாம் இருப்பதால் காய்கறி ரோல் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. உள்ளே மாட்டிறைச்சியும் உண்டு, கவனம். டிம் சிம் மெல்பர்னில் வேரூன்றிய சீனக் கொழுக்கட்டை. ஆவியில் வேகவைத்தும் கொடுப்பார்கள், பொரித்தும் கொடுப்பார்கள். பொரித்ததுதான் நன்றாக இருக்கும். இதிலும் இறைச்சி உண்டு.

நமக்கு மிக நெருக்கமான பண்டம் ஒன்று அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி மாவில் தோய்த்துப் பொரித்தது. கிட்டத்தட்ட உருளைக்கிழங்கு பஜ்ஜி. மெல்பர்னில் பொட்டேட்டோ கேக் என்று கேளுங்கள், சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ஸ்காலப் என்று கேளுங்கள். மேலே சிக்கன் சால்ட் போடச் சொல்லுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1970-களில் கோழி வறுவலுக்காக உருவான மஞ்சள் நிற உப்பு, இப்போது சிப்ஸுக்கு அதைவிட்டால் வேறு இல்லை. பல வகைகளில் கோழியே கிடையாது; இருந்தாலும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது எண்ணெய். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். அதே சட்டியில் மீனும் வேகும். கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நேராகச் சொல்லிவிடுவார்கள்.

ஹலால் சாப்பிடுபவர்கள் கபாப் கடையில் ஹலால் ஸ்நாக் பேக் வாங்கலாம். சிப்ஸ், சீஸ், மேலே கபாப் இறைச்சி, பூண்டு, மிளகாய், பார்பெக்யூ சாஸ். 2016-இல் ஆஸ்திரேலிய ஆங்கிலத்துக்கான மெக்குவாரி அகராதியில் அந்த ஆண்டின் மக்கள் தேர்வுச் சொல்லாகவே அது வந்தது. ‘ஸ்நாக்’ என்று பெயர்தான், இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு.

பன்னிங்ஸ் வாசலில்

வீட்டுச் சாமான் வாங்க பன்னிங்ஸ் போகாமல் யாரும் இங்கே குடியேற முடியாது. வார இறுதியில் வாசலில் கூடாரம் போட்டு சாஸேஜ் சுடுவார்கள். அது கடை நடத்தும் வியாபாரம் இல்லை. உள்ளூர் விளையாட்டுக் குழு, பள்ளி, தன்னார்வ அமைப்பு என்று ஒவ்வொரு வாரம் ஒருவர் நின்று பணம் திரட்டுவார்கள். ஒரு வெள்ளை ரொட்டித் துண்டு, ஒரு சாஸேஜ், வதக்கிய வெங்காயம், சாஸ். 2022-இல் 2.50 டாலரிலிருந்து 3.50 ஆக உயர்ந்தபோது அதுவே நாட்டுச் செய்தியானது. வெங்காயம் கீழே விழுந்து யாரும் வழுக்கிவிடக் கூடாது என்று 2018-இல் வெங்காயத்தைச் சாஸேஜுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். அதற்கும் பெரிய விவாதம் நடந்தது.

சாஸேஜ் வேண்டாதவர்கள் ரொட்டியில் வெங்காயமும் சாஸும் மட்டும் கேட்கலாம், கொடுப்பார்கள். சாஸேஜ் சுட்ட அதே தட்டில்தான் வெங்காயமும் வதங்கும் என்பதை நினைவில் வையுங்கள். அது ஒத்துவராது என்றால் ஒரு குளிர்பானம் வாங்குங்கள், பணம் அதே குழுவுக்குத்தான் போகும். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலிலும் இதே காட்சி, அங்கே அதன் பெயர் ஜனநாயக சாஸேஜ். குடியுரிமை வாங்கி முதல்முறை வாக்களிக்கும் நாளில் அதையும் ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள்.

தித்திப்பு, குளிர்ச்சி

லாமிங்டன் சதுர ஸ்பாஞ்ச் கேக்கைச் சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டியது. 1896 முதல் 1901 வரை குயின்ஸ்லாந்து ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் அழைக்கப்படுவதாகச் சொல்வார்கள். அவரே பிறகு பம்பாய் ஆளுநராகவும் போனார். பிளாஸ்டிக் டப்பாவில் வரும் சூப்பர்மார்க்கெட் லாமிங்டன் உலர்ந்திருக்கும். பேக்கரியில் அன்றே செய்ததை வாங்குங்கள், இல்லையென்றால் பள்ளிக்கூடம் பணம் திரட்ட விற்கும்போது வாங்குங்கள்.

சாக்லேட்டில் செர்ரி ரைப், வயலட் கிரம்பிள் இரண்டையும் தவற விடாதீர்கள். செர்ரி ரைப் 1924 முதல் இருப்பது. உள்ளே செர்ரியும் தேங்காயும், வெளியே டார்க் சாக்லேட். வயலட் கிரம்பிள் 1913-இல் வந்தது. பொரபொரவென்று உடையும் தேன்கூடு மிட்டாய்க்கு மேலே சாக்லேட். பாக்கெட்டைத் திறக்கும் முன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் துண்டு துண்டாக உடைந்து பகிர்ந்துகொள்ள வசதியாகிவிடும்.

மைலோ இங்கே பிறந்தது. 1934-இல் தாமஸ் மெய்ன் உருவாக்கியது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே குளிர்ந்த பாலில் போட்டு, கரையாமல் மேலே மிதக்கும் மொறுமொறுப்பை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவார்கள், வெனிலா ஐஸ்கிரீம் மேலும் தூவுவார்கள்.

ஐஸில் கோல்டன் கேடைம் 1959 முதல். டாஃபியும் வெனிலாவும் சேர்ந்த ஐஸ்கிரீம், சாக்லேட், மேலே பிஸ்கட் தூள். என் தேர்வு வைஸ் மாம்பழ பார். டுவூம்பாவில் தொடங்கிய நிறுவனம், மாம்பழமும் கிரீமும் அடுக்கடுக்காக இருக்கும். ஜனவரி வெயிலில் அதற்கு நிகர் இல்லை.

பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன்

காலை இடைவேளைக்குத் தனியாகச் சின்ன டப்பா கட்ட வேண்டும். பல பள்ளிகளில் அதற்கு முன்பே பழமோ காயோ சாப்பிட ஒரு சின்ன இடைவேளையும் உண்டு, வெட்டிய ஆப்பிளோ வெள்ளரியோ போதும். கடலை மிட்டாய், வேர்க்கடலைச் சட்னி, முந்திரி போட்ட எதையும் பள்ளியின் விதியைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்காரும் குழந்தைக்கு உயிராபத்தான ஒவ்வாமை இருக்கலாம், அதனால் பல பள்ளிகள் பருப்பு வகைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றன.

பிறந்தநாள் விழாவில் ஃபேரி பிரெட் கட்டாயம் இருக்கும். வெள்ளை ரொட்டி, வெண்ணெய், மேலே வண்ண வண்ணச் சர்க்கரை மணி, முக்கோணமாக வெட்டியது. உங்கள் வீட்டு விழாவிலும் கேக்கோடும் சமோசாவோடும் ஒரு தட்டு ஃபேரி பிரெட் வையுங்கள், பிள்ளையின் வகுப்பு நண்பர்கள் வீட்டில் இருப்பதுபோல உணர்வார்கள். பையில் கொடுத்தனுப்பும் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். பதிலுக்கு ஒரு ஃப்ரெட்டோ சாக்லேட் தவளை கொடுத்தால் எந்தக் குழந்தையும் வருந்தாது.

ஊருக்கு எடுத்துப்போக

உறவினர்களுக்கு வாங்குவதென்றால் டிம் டாம், மெக்கடாமியா, செர்ரி ரைப் போதும். வெஜிமைட்டை, கேட்டவருக்கு மட்டும் ஒரு சின்ன பாட்டில். அதைக் கைப்பையில் வைக்காதீர்கள், திரவமும் பசையும் சேர்ந்த பட்டியலில் வருவதால் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். டிம் டாமைப் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையே படுக்கை வசமாக வையுங்கள். சென்னையில் போய் இறங்கியதும் திறக்காமல் பிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும்.